சோற்றுக்கைப் பக்கம்

கோணம் தொழிற்பேட்டையில் ஒரு தகர ஷெட்.
ஐஸ் உடைக்கும் இயந்திரம் செய்கிறோம்.
நான் கணக்கு எழுத வந்தவள்.
போனையும் நானே எடுப்பேன்.

பிப்ரவரியில் நாற்பத்து மூன்று அழைப்பு.
பழைய டைரியில் கோடு கிழித்து எண்ணினேன்,
இருபத்தொன்பது ஒரே போல்ட்டைப் பற்றி.
'இடது பக்கம் திருப்பவும்' என்கிறது பதினான்காம் பக்கம்.
யாருடைய இடது?
இயந்திரத்துக்கா, ஐஸ்பாரைத் தூக்கி நிற்பவனுக்கா?
சின்னமுட்டத்தில் ஒருவன் கடலைப் பார்த்து நின்று திருப்பினான்,
குளச்சலில் ஒருவன் கடலுக்கு முதுகு காட்டி.
இரண்டு இடத்திலும் பல் உடைந்தது,
உருளையின் பல்.

அந்தப் புத்தகம் வந்த வழி இவ்வளவுதான்:
மோட்டார் பெட்டிக்குள் கிடந்த ஒன்றை
யாரோ கம்ப்யூட்டரில் தமிழாக்கி
நகலெடுத்து, நகலை நகலெடுத்து,
படம் இருந்த இடத்தில் இப்போது கரி.
இயந்திரம் மூன்று தடவை மாறிவிட்டது.
தாளில் இன்னும் முதல் மாடலின் பெல்ட் ஓடுகிறது.
ஆறாம் பக்கம் சொல்கிறது: மோட்டாரை அணைக்கவும்.
முட்டத்திலிருந்து கிளீட்டஸ் கேட்டார்,
"அணைக்கலாம் மோளே, கரண்டு அடிக்காதா?"
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
பின்னால் யாரோ கத்துவது கேட்டது,
கூடை கூடையாகச் சாளை, வெயில் பத்து மணி.

"எழுதிக் குடுத்தா மட்டும் வாசிச்சுக் கிழிச்சிருவானுவளாக்கும்"
என்றார் முதலாளி தாணுலிங்கம்.
"புக்குக்குப் பதினெட்டு ரூவா. அது என்னத்த சம்பாதிச்சுத் தரும்?"
வேன் டீசலை எழுதிக் காட்டினேன்.
தேங்காய்ப்பட்டணம் போய்வர ஒரு பகல்,
றெஜினின் பேட்டா,
சும்மா மாற்றிக் கொடுத்த உருளை பதினொன்று.
உருகிய ஐஸுக்கு நம்மிடம் பில் இல்லை.
அதையும் ஒரு வரியாக எழுதி
எதிரே காலியாக விட்டேன்.
அந்தக் காலி இடத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

மூன்று விடிகாலை துறைமுகத்தில் நின்றேன்,
கையில் பென்சில், செருப்பெல்லாம் மீன் தண்ணீர்.
ஐஸ் உடைப்பவர்கள் இடது வலது சொல்வதில்லை.
அதனால் எழுதினேன்:

தட்டு உமக்கு எதிரே வரும்படி நில்லும்.
போல்ட்டை உம் சோற்றுக்கைப் பக்கம் திருப்பும்.
உள்ளே அடைத்தால் சுவிட்சைக் கீழே தள்ளும்.
உருளை நின்ற பிறகு,
நின்றதைக் கண்ணால் கண்ட பிறகு,
கையை விடும்.

அந்த இரண்டாவது 'பிறகு'
முதல் பிரதியில் இல்லை.
டீக்கடையில் சில்லறை நீட்டிய ஒரு கையில்
மூன்று விரல் பார்த்தேன்.
எங்கள் இயந்திரமா என்று கேட்கவில்லை.

தாளை உப்புக்காற்று தின்றது.
தகரத்தில் அச்சடித்து
மூடியின் உள்பக்கம் ரிவெட் அடித்தோம்.

மே மாதம் அழைப்பு நாலே நாலு.
"தடைக்காலம்லா, போட்டே கெட்டிக் கெடக்கு" என்றார் முதலாளி.
அதுவும் சரிதான்.
ஆகஸ்ட் வரை பொறுத்தேன்.
இரண்டு கடலும் திறந்து,
கணவாய் வந்து, லாரிகள் வரிசை கட்டி,
ஆகஸ்டில் ஏழு.

றெஜின் என்னோடு பேசுவதில்லை.
"என் பேட்டாவ அந்தத் தகரத்துல அடிச்சு வச்சிட்டா"
என்று லேத்துக்காரரிடம் சொன்னானாம்.
முதலாளி ஒரு மத்தியானம்
ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்,
லைன் போய்விட்டதோ என்று.
போகவில்லை.
அடிக்காத மணியை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது?
எனக்கும் தெரியவில்லை, கணக்குப் படித்தவள்தான்.

நேற்று அடித்தது. கிளீட்டஸ்.
"மோளே, மாசம் ஒருக்கா கிரீஸ் போடணும்னு எழுதியிருக்கே,
எவ்வளவுன்னு எழுதலியே?"

தகரத்தின் நகலை எடுத்து
மேலிருந்து கீழே வாசித்தேன்.
எழுதவில்லைதான்.